வெயிலைப் பிடிக்கும் வேலையைப் பட்டறைக்குக் கொடு!

லடாக்கின் மலைச்சாலைகளில் கல்லுடைத்துத் தார் காய்ச்சும் தொழிலாளர்களில் பலர் ஜார்க்கண்டின் தும்காப் பக்கத்திலிருந்து வருபவர்கள். நம்மைப் போலவே பிழைப்புக்காக ஊரை விட்டவர்கள். லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் பருப்பு லேசில் வேகாது. விறகுக்கு மரமில்லை. மண்ணெண்ணெயும் சிலிண்டரும் மலையேறித்தான் வரவேண்டும். வெயில் மட்டும் கொட்டிக் கிடக்கிறது. அதைக் கண்ணாடியால் குவித்துச் சமைக்கலாம் என்பது பழைய செய்தி. பின் ஏன் அந்தக் கூடாரங்களில் அது சாதாரணப் பொருளாகவில்லை?

1950களில் டில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் ஒரு சூரிய அடுப்பு செய்தது. குழிந்த பளபளப்புத் தட்டு, நடுவில் பாத்திரம். சமைக்கிற பெண் உச்சிவெயிலில் முற்றத்தில் நின்றுகொண்டு, சூரியன் நகர நகர அதைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். விற்கவில்லை. மக்களுக்கு விஞ்ஞான அறிவு போதாது என்று சொல்லிவிடுவது சுலபம். அடுப்படி அறிவு போதாதவர் யார் என்பதே நம் கேள்வி.

ஷெஃப்லர் என்ற இயற்பியலாளர் 1980களில் கென்யாவில் தொடங்கிச் செய்துகாட்டியது வேறு வகை. அவருடைய கண்ணாடித் தட்டு, பூமியின் அச்சுக்கு இணையான தண்டில் மணிக்கு 15 டிகிரி வீதம் தானே சுழலும். தட்டுத்தான் நகரும், ஒளி விழும் இடம் நகராது. சுவரில் ஒரு துளை விட்டால் வெயில் அடுப்படிக்குள்ளேயே வந்துவிடும். சமைப்பவர் நிழலில் நிற்கலாம். பருவத்துக்குப் பருவம் சூரியன் சாய்வதற்கேற்பத் தட்டின் வளைவைக் கையால் சற்றே மாற்ற வேண்டும், அவ்வளவுதான். 8 சதுர மீட்டர் தட்டு நல்ல வெயிலில் சுமார் 2 கிலோவாட் வெப்பம் தரும். 20 லிட்டர் தண்ணீரை ஒரு மணி நேரத்துக்குள் கொதிக்க வைக்க அது போதும். வேண்டிய பொருள் என்ன? இரும்புக் குழாய், வெட்டிய கண்ணாடித் துண்டுகள், சைக்கிள் செயின், கடிகாரம் போல் ஓடும் ஒரு சுழற்சி அமைப்பு. குர்லாவிலும் தாராவியிலும் நம் பிள்ளைகள் தினமும் வெல்டிங் அடிக்கிற சாமான்கள்தாம்!

இந்தத் தட்டுகள் இந்தியாவில் எங்கே போய்ச் சேர்ந்தன? திருமலையில் 2002இல் 106. ஷிர்டியில் 2009இல் 73. மத்திய அரசின் மானியமும் அங்கே போனது. பக்தர்கள் வயிறாரச் சாப்பிடுவதில் நமக்குப் பொறாமையில்லை. ஆனால் அந்தச் சமையற்கூடங்களின் வாசலுக்கே சிலிண்டர் லாரி வந்து நிற்கிறதே! லாரி போகாத பழங்குடி மாணவர் விடுதிக்கும், சாலைப்பணி முகாமுக்கும் அல்லவா முதல் தட்டு போயிருக்க வேண்டும்?

இதனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. நேர் வெயில் இல்லையென்றால் இது வெறும் கண்ணாடி. மும்பை மழையில் நான்கு மாதம் சும்மா கிடக்கும். விடிகாலை நாலு மணிக்கு இட்லித் தட்டு ஏற்றும் தாராவித் தாய்மாருக்கும் உதவாது. சூரியன் அவர்களை விடச் சோம்பேறி. விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் வேண்டுமென்றால் சோலார் பேனலே போதும், அதன் விலை இப்போது நன்றாக இறங்கிவிட்டது. கண்ணாடி சூட்டுக்கு மட்டும்.

எனவே நம் சங்கம் கேட்பது இது. தட்டின் வரைபடங்கள் இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் அச்சாகி ஐ.டி.ஐ. பட்டறைகளுக்குப் போகட்டும். சட்டம் இரண்டு மூன்று துண்டாக இருக்கட்டும். முகாம் மாறினால் போல்ட்டைக் கழற்றி லாரியில் ஏற்றலாம். மலைக்காற்றுக்குத் தாங்கும் அடித்தளத்தின் செலவையும் மானியக் கணக்கில் சேர்க்க வேண்டும். தூசியில் மங்கிவிடும் மலிவுத் தகடு வேண்டாம், வெள்ளி பூசிய கண்ணாடியே வேண்டும். டெண்டர் பத்திரத்தில் ஒரு நிபந்தனையும் ஏறட்டும்: அருகிலுள்ள ஊர்ப் பட்டறையில் செய்ய முடியாத உதிரிப்பாகம் எதுவும் அதில் இருக்கக்கூடாது.