ஏலக்காயும் கருவாடும்



மதுரைக்காரர்களுக்கு மலை என்றால் ஆரப்பாளையம், தீவு என்றால் மாட்டுத்தாவணி. போடி பஸ் அங்கே, ராமேஸ்வரம் பஸ் இங்கே. இப்படியே ஏறி இறங்கிப் பழகிவிட்டதால், இரண்டும் ஒரே சாலை என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. பழைய வரைபடத்தைப் பார்த்தால் கொச்சியில் கிளம்பி, மூணாறு ஏறி, போடிமெட்டில் இறங்கி, மதுரையைத் தொட்டு ராமேஸ்வரம் போகும் வழி முழுக்க 49 என்று ஒரே எண். இப்போது அதை 85, 87 என்று பிரித்துவிட்டார்கள். பங்குனியில் மைத்துனரின் காரில் போடிமெட்டிலிருந்து தனுஷ்கோடி வரை அந்த வழியே போய்வந்தேன். நடுவில் ஒரு ராத்திரி மதுரையில், வீட்டில்.

போடிமெட்டு சுமார் 4,500 அடி உயரம். காலையில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்ட வேண்டியிருந்தது. 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிப்பதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றியாயிற்று. போடி ஏலக்காய் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். கடைவீதியில் நடந்தாலே மணக்கும். எட்டு எம்எம் காய் கால் கிலோ வாங்கினேன். இந்த ஏலக்காயின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

தேனி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் சாலை ஒரு பக்கம் போக, வைகை வேறு பக்கம் போகிறது. அது அணைக்குள் இறங்கி, சோழவந்தான் சுற்றி மதுரையில் மறுபடி நம்மோடு சேர்ந்துகொள்கிறது. அதில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர். 1895இல் பென்னிகுக் கட்டி முடித்த அணை அதைக் கிழக்கே திருப்பிவிட்டது. ஆக, மலையில் கிளம்பித் தீவுப் பக்கம் போகிறவர்கள் நாங்கள் மட்டும் இல்லை.

மறுநாள் விடியற்காலை விரகனூர் தாண்டியதும் மைத்துனர் சொன்னார்: “இனிமே பாம்பன் வரைக்கும் பொட்டல்தான் மாமா. ஏசியப் போடுறேன், தூங்குங்க.” எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். நானும் எத்தனையோ முறை கீழடியைத் தூக்கத்தில் கடந்திருக்கிறேன்.

இந்த முறை தூங்கவில்லை. மானாமதுரையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கடம் செய்யும் ஊர். ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மா பச்சைப் பானையை மடியில் வைத்து, உள்ளே ஒரு கையால் கல்லை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டிக்கொண்டிருந்தார். நாலு தட்டு, ஒரு திருப்பு. நாலு தட்டு, ஒரு திருப்பு. பக்கத்தில் சுட்டு வைத்திருந்த கடத்தை விரல் முட்டியால் தட்டச் சொன்னார். தட்டினேன். வெண்கலப் பாத்திரம் போல் கணீரென்றது. அடுத்ததைத் தட்டினால் வேறு சுருதி. பானை என்று வாய்தவறிச் சொன்னதற்கு, “பானையின்னா சோறு ஆக்குறது, இது வாத்தியம்” என்று திருத்தினார்.

ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வைகையின் பயணம் அநேகமாக முடிந்துவிடுகிறது. எங்களுக்கு அதற்கப்புறமும் வழி இருந்தது. உச்சிப்புளி பக்கம் பனைமரங்களுக்கு அடியில் பதநீர். ஓலைப் பட்டையை இரு கையால் ஏந்தினால் பெரியவர் ஊற்றுகிறார். வாய்க்கும் சட்டைக்கும் பாதிப் பாதி போயிற்று. “என்ன ஒரு பட்டையோட எந்திரிச்சுட்டீக? வெயிலு ஏறுனா புளிச்சுப் போகும், குடிங்க” என்று இரண்டாவதும் ஊற்றினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

பாம்பனில் ரயிலுக்கு 1914இலேயே பாலம் வந்துவிட்டது. கார், பஸ் கடலைத் தாண்ட 1988 அக்டோபர் 2 வரை காத்திருந்தன. சாலைப் பாலத்தின் மேல் நிறுத்தாதே என்று போலீஸ் சொல்லிக்கொண்டே இருக்க, எல்லோரும் நிறுத்திக்கொண்டே இருக்கிறார்கள். நாங்களும்தான். பக்கத்தில் பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலமும். கப்பலுக்கு வழிவிடப் பழையது இரு கைகளை விரித்து உயர்த்திக்கொண்டிருந்தது; புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் போல அப்படியே மேலே போகிறது. எனக்கு என்னவோ பழையதுதான் பாலமாகத் தெரிகிறது. வயதுக் கோளாறாக இருக்கலாம்.

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு முன்பெல்லாம் மணலில் வேனில் குலுங்கித்தான் போக வேண்டும். 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. இடிந்த தேவாலயத்தைத் தாண்டினால் ஒரு பக்கம் அலையடிக்கும் ஆண்கடல், மறுபக்கம் குளம் போலப் பெண்கடல். உள்ளூரில் அப்படித்தான் பெயர். முனையில் சாலை வட்டமடித்துத் திரும்பிவிடுகிறது. கொச்சியில் கிளம்பிய சாலைக்கு இதற்கு மேல் போக இடமில்லை.

மலை பற்றியும் கடல் பற்றியும் நமக்குப் பயணக் கட்டுரைகள் நிறையவே வருகின்றன. நடுவில் நீங்கள் தூங்கிக் கடந்த ஊர் எது? ஒரு அஞ்சலட்டை அளவுக்கு எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் போடுகிறேன்.

ஏலக்காய் கதை பாக்கி. பாம்பனில் ஆசைப்பட்டு நெத்திலிக் கருவாடு வாங்கி, டிக்கியில் ஏலக்காய்ப் பைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். மறுநாள் காலை ஏலக்காய் டீ போட்டார் மனைவி. ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரை என் பக்கம் நகர்த்தினார். ஒன்றும் பேசவில்லை.