கிணத்துப் பையனும் ஒலிம்பிக் குளமும்

நாலு வருஷத்துக்கு ஒருமுறை நம் வீட்டு ஹால்களில் ஒரு வசனம் கேட்கும். டி.வி-யில் ஒலிம்பிக் நீச்சல் ஃபைனல் ஓடிக்கொண்டிருக்கும். எட்டு லேன்; ஒன்றில்கூட நம் ஆள் இல்லை. உடனே சோபாவிலிருந்து ஒரு குரல் வரும்: ''நூத்தி நாப்பது கோடி பேர்ல ஒருத்தன் கிடைக்கலையா? எங்க ஊர்க் கிணத்துல தலைகீழா குதிக்கிறானுங்களே, அவனுங்கள்ல நாலு பேரைக் கூட்டிட்டுப் போய் விடுங்க. மெடலை அள்ளிட்டு வந்துருவானுங்க!''

நீங்களும் சொல்லியிருப்பீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கிராமத்துப் பையனைப் புகழ்ந்த மாதிரியும் ஆச்சு, அரசாங்கத்தைத் திட்டின மாதிரியும் ஆச்சு. கையை விட்டு ஒரு பைசா செலவில்லை. அதனால்தான் இந்த வசனத்தின் மேல் எனக்குக் கோபம்.

கிணற்றில் குதிக்கத் தைரியம் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், கிணற்றில் பத்து கை போட்டால் சுவர் வந்துவிடும். 200 மீட்டர் பட்டர்ஃப்ளை என்று ஒரு போட்டி இருக்கிறது. இரண்டு கையையும் ஒரே நேரத்தில் தண்ணீருக்கு மேலே தூக்கி வீச வேண்டும். இரண்டு காலும் மீன் வால் மாதிரி சேர்ந்தே அடிக்க வேண்டும். அப்படியே 50 மீட்டர் குளத்தில் நாலு நீளம். மூன்றாவது நீளத்தில் தோள் கழன்றுவிடும் போல இருக்கும். அந்தத் தோளைத் தயார் செய்யப் பத்து வருஷம் ஆகும். விடியற்காலை ஐந்து மணி, மறுபடி சாயங்காலம், தினமும் கிலோமீட்டர் கணக்கில். ஊர்க் கிணற்றில் முடிகிற காரியமா இது?

முடித்துக் காட்டியவர் ஒருவரைச் சொல்கிறேன். சஜன் பிரகாஷ். 2021 ஜூன் 26-ம் தேதி ரோம் நகரத்தில் இந்த 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி 1 நிமிடம் 56.48. வித்தியாசம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு! அந்த 'ஏ' தகுதியைத் தொட்ட முதல் இந்திய நீச்சல் வீரர் அவர்தான். அப்போது வயது 27. அதற்கு முந்தைய வருஷம் கழுத்துக் காயம். அதற்கும் முன்னால், 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியின்போது கேரள வெள்ளத்தில் சிக்கிய தாத்தா குடும்பத்தைப் பற்றித் தகவலே இல்லை. அந்த நிலையிலும் ஃபைனலில் நீந்தி ஐந்தாவது வந்தார்.

இந்த சஜன் பிறந்தது கேரளத்து இடுக்கியில். வளர்ந்தது எங்கே தெரியுமா? நம்ம நெய்வேலியில்!

அவருடைய அம்மா ஷாண்டிமோள் முன்னாள் ஓட்டப்பந்தய வீராங்கனை. என்.எல்.சி-யில் வேலை. அது ஒரு பொதுத்துறை டவுன்ஷிப். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மைதானம் என்று தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு எல்லாம் பக்கத்திலேயே. நீச்சல் குளமும் அதில் ஒன்று. அங்கேதான் சஜன் தண்ணீரில் இறங்கினார். யாரும் வந்து ''அடடா, என்ன திறமை!'' என்று கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு போகவில்லை. குளம் இருந்தது, பிள்ளை நீந்தினான். அப்புறம் பெரிய பயிற்சிக்கு பெங்களூர் போனார். 2015 தேசிய விளையாட்டுப் போட்டியில் ஆறு தங்கம், மூன்று வெள்ளி. பதக்கப் பட்டியலில் அவை எந்த மாநிலத்தின் கணக்கில் ஏறின? கேரளா. வேலை கொடுத்ததும் கேரளா போலீஸ். நாம் தண்ணீர் கொடுத்ததோடு சரி.

நாம் பரிசு கொடுப்பதில் கெட்டிக்காரர்கள், அதைச் சொல்லியாக வேண்டும். ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கும் தமிழ்நாட்டுக்காரருக்கு 3 கோடி ரூபாய் என்று 2021-ல் அரசு அறிவித்தது. நல்ல விஷயம்தான். ஆனால், நீச்சல் கணக்கில் அந்த 3 கோடி பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. இப்படியே போனால் எப்போதும் இருக்கும். குற்றாலீஸ்வரன் ஞாபகம் இருக்கிறதா? 1994-ல், பள்ளிக்கூடப் பையனாக, ஒரே வருஷத்தில் ஆறு நீரிணைகளை நீந்தி, மிஹிர் சென் சாதனையை முறியடித்தவர். 1996-ல் அர்ஜுனா விருது. பத்திரிகைகள் கொண்டாடின. மாலை போட்டோம். சில வருஷத்தில் அவர் நீச்சலை விட்டுவிட்டுப் படிக்கப் போய்விட்டார். ஸ்பான்சர் இல்லை என்று பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். மாலைக்குப் பிறகு மாதாமாதம் ஆகிற செலவு என்று ஒன்று உண்டு. அது நமக்கு ஞாபகம் வருவதே இல்லை.

சரி, இப்போது உங்களை ஒரு மலைக்குக் கூட்டிப்போகிறேன். போளூரிலிருந்து பஸ் ஏறினால் ஜமுனாமரத்தூர். ஜவ்வாது மலை. சாமையும் தேனும் பலாவும் விளைகிற இடம். செய்யாறு இங்கேதான் பிறக்கிறது. கமண்டல நாகநதியும் இங்கேதான். பீமன் நீர்வீழ்ச்சி இருக்கிறது. டூரிஸ்ட்டுக்கு ஏரியில் படகு இருக்கிறது. மலையாளி பழங்குடி மக்களின் பிள்ளைகள் ஓடையிலும் கிணற்றிலும் குதித்து விளையாடுகிறார்கள். நீங்கள் சோபாவில் உட்கார்ந்து சொன்னீர்களே, அந்தக் 'கிணத்துப் பையன்' இவன்தான். இவனுக்கு ஒரு போட்டிக் குளம் எங்கே? அந்த மலையில் 50 மீட்டர் குளம் கிடையாது. பக்கத்து ஏலகிரி மலைக்குப் போங்கள். ரிசார்ட்டுகளில் நீல நீலமாகக் குளங்கள், சனி ஞாயிறு வந்துபோகிற நமக்காக.

''அய்யா, மலையில குடிக்கவே தண்ணி கஷ்டம், நீச்சல் குளமா?'' என்பீர்கள். கணக்குப் போடுவோம். 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.35 மீட்டர். ஏறக்குறைய 4 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். சென்னையில் ஓடுகிற 12 ஆயிரம் லிட்டர் லாரியில் 35 நடை. தினமும் அல்ல, ஒரு தடவை நிரப்ப. அப்புறம் அதே தண்ணீர்தான் ஃபில்டரில் சுற்றிச் சுற்றி வரும். ஆவியாகிறது, ஃபில்டர் கழுவுகிறது என்று தினமும் சில ஆயிரம் லிட்டர் ஊற்றினால் போதும். கீழே உள்ள வயல்களுக்கெல்லாம் ஆறு அனுப்புகிற மலைக்கு இது கொடுக்கக் கூடாத தண்ணீரா?

''முதல்ல ரோடு போடுங்க, டாக்டரை அனுப்புங்க'' என்று இன்னொரு குரல். அனுப்புங்கள், யார் வேண்டாம் என்றது? 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக வேளச்சேரியில் நீச்சல் வளாகம் கட்டினோம். 'முதலில் வேளச்சேரிக்கு மழைநீர் வடிகால், அப்புறம்தான் குளம்' என்று யாராவது தடுத்தோமா? வரிசையில் நிற்கச் சொல்வது எப்போதும் மலைக்காரரைத்தான். மேலே கொண்டுபோக முடியாது என்கிற சாக்கும் செல்லாது. இதே ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை ஏற்றி 1986-ல் இயக்கிக் காட்டியது நம் நாடு. 1988-ல் அங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரே வைத்தாயிற்று. நட்சத்திரத்துக்காக மலை ஏறினோம். பிள்ளைகளுக்காக ஏற மூச்சு வாங்குகிறது.

நீச்சலில் உண்மையான கஷ்டம் எது என்று எந்த நீச்சல் பிள்ளையின் அப்பாவையும் கேளுங்கள். தண்ணீரோ தைரியமோ இல்லை. காலை ஐந்து மணி! அந்த நேரத்தில் பிள்ளையை எழுப்பிக் குளத்துக்குக் கொண்டுபோய், திரும்ப பள்ளிக்கூடத்தில் விட, வீட்டில் ஒரு வண்டியும் ஓட்ட ஓர் ஆளும் வேண்டும். அதனால்தான் இது கார் வைத்திருக்கிறவர்களின் விளையாட்டாகிவிட்டது. ஜவ்வாது மலையில் என்ன இருக்கிறது தெரியுமா? அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். பக்கத்தில் குளம் இருந்தால் எழுந்து நடந்து போக வேண்டியதுதான். எந்த நகரத்து கிளப்புக்கும் கிடைக்காத வசதி இது. கையில் வைத்துக்கொண்டு தெரியாமல் இருக்கிறோம். அந்தப் பிள்ளைகளின் தட்டில் கூடுதலாக இரண்டு முட்டை, பால், பயறு வைக்க வேண்டியிருக்கும். நீந்துகிற பிள்ளைக்குப் பசி பயங்கரமாக இருக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிணற்றில் குதிக்கிற 'பையன்' என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்? வயசுக்கு வந்த பெண்ணைக் கிணற்றில் குதிக்க எந்த ஊர் விடுகிறது? சுவர் கட்டிய குளம், தனி நேரம், சொல்லிக்கொடுக்க ஒரு பெண் என்று இருந்தால் அவளும் இறங்குவாள்.

மெடல் வராவிட்டால்? வராமல் போகட்டும். இந்தியாவில் வருஷத்துக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல் தண்ணீரில் மூழ்கிச் சாகிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. ஒவ்வொரு கோடை லீவிலும் ஏரி, குட்டை, கல்குவாரி என்று செய்தி வருகிறது. படித்து ''ஐயோ பாவம்'' சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நூறு பிள்ளை கற்றால் நூறும் ஒலிம்பிக் போகாது. நூறும் உயிரோடு கரையேறும்.

2036 ஒலிம்பிக்கை இந்தியாவில் நடத்த விருப்பம் என்று 2024-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்குக் கடிதம் போயிருக்கிறது. நடந்தால் ஸ்டேடியங்கள் எங்கேயோ எழும். நான் கேட்பது ஜமுனாமரத்தூரில் 25 மீட்டர் குளம், ஒரு ஃபில்டர், மாதச் சம்பளத்தில் இரண்டு கோச்கள். அதில் ஒருவர் மலைப் பெண்ணாக இருக்கட்டும். கட்டி முடிக்க இரண்டு வருஷம் என்று வையுங்கள். இன்று உறைவிடப் பள்ளியில் மூணாம் கிளாஸ் படிக்கிற பிள்ளை அப்போது ஐந்தாம் கிளாஸில் இருப்பாள்.