பார்வை தெளிவாயிருக்கையிலே ஏன் பரிசோதனை?

தாயார் ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் ஆறு ஆண்டுகளாக மூட்டுவாதத்துக்குக் குளிசை விழுங்கி வருகிறாராம். கண்ணிலே யாதொரு குறையும் இல்லை. வீட்டில் ஊசிக்கு நூல் கோப்பவரே அவர்தானாம். அப்படியிருக்க, இனி ஆண்டுதோறும் கண்ணைப் படம்பிடித்துப் பார்க்கவேண்டும் என்கிறாராம் வைத்தியர். இது வீண் அலைச்சலன்றோ என்பது தாயாரின் கேள்வி.

அலைச்சல்தான், வீணன்று என்போம்.

அக்குளிசையின் பெயர் ஐதரொட்சிகுளோரோகுயின். மலேரியாவை எதிர்க்கப் பிறந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மூத்த உறவாகிய குளோரோகுயினை 1934ஆம் ஆண்டில் ஜேர்மனியில் ஹான்ஸ் ஆண்டர்சாக் என்பார் ஆக்கினார். நுளம்புக் காய்ச்சல் இந்நாட்டை வாட்டிய காலத்தில் அதன் கசப்பை அறிந்த முதியோர் நம்மிடையே பலர். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனப் பிரகடனஞ் செய்யப்பட்டது. மருந்தோ மூட்டுவாதத்துக்கும் லூப்பஸ் நோய்க்கும் பெருந்துணையாய் நிலைத்துவிட்டது. ஆயினும் குளோரோகுயினை நெடுங்காலம் உட்கொண்டோரின் விழித்திரை கெடுவதை 1959இலேயே ‘லான்செற்’ என்னும் ஆங்கில வைத்திய இதழ் எடுத்துரைத்தது.

இங்கேதான் ஊசியும் நூலும் நம்மை ஏமாற்றுகின்றன. இம்மருந்தினால் வரும் கேடு பெரும்பாலும் விழித்திரையின் நடுப்புள்ளியிலே தொடங்குவதில்லை. அதனைச் சுற்றியுள்ள வளையத்திலே தொடங்குகிறது. எழுத்து வாசிக்கவும் நூல் கோக்கவும் நடுப்புள்ளி போதும். ஆகவே வளையம் அரிபட்டுக்கொண்டிருக்கும்போதும் பார்வை குறைவதை நோயாளி உணரார். வைத்தியர் விளக்கொளியிலே உள்ளே நோக்கி, அம்பெய்யும் இலக்குப்போன்ற வட்டத்தைக் காணும் வேளையில் காலம் கடந்திருக்கும். அழிந்த கலங்கள் மீள்வதில்லை. குளிசையை நிறுத்திய பின்னருங்கூடச் சிலருக்குக் கேடு தொடர்வதுண்டு.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே 1991இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஒளிப்படமுறை. வௌவால் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பதுபோல, இக்கருவி மெல்லிய செந்நிறக்கீழ்க் கதிரைக் கண்ணுள் அனுப்பி, விழித்திரையின் ஒவ்வொரு படையிலிருந்தும் திரும்பும் ஒளியை அளக்கிறது. ஒரு மில்லிமீற்றரின் சில ஆயிரத்திலொரு பங்களவான நுட்பமும் அதிலே புலப்படும். கத்தியில்லை, வலியில்லை, நாடியை ஊன்றிச் சில நிமிடம் அசையாதிருந்தாற் போதும். ஒளியுணர் கலங்களின் வரிசை படத்தில் ஒரு வெண்கோடாகத் தோன்றும். நடுவின் அருகே அக்கோடு மெலிந்தோ அறுந்தோ இருந்தால், நோயாளி ஒன்றும் உணராத காலத்திலேயே வைத்தியர் விழிப்படைவார். ஒளிப்புள்ளிகளைக் காட்டிப் பார்வைப் பரப்பை அளக்கும் சோதனையும் உடன் நடைபெறும்.

நம்மவர் கவனிக்க வேண்டியதொன்று: ஆசிய வம்சத்தவர் பலருக்குக் கேடு நடுவிலிருந்து இன்னும் சற்று விலகியே தொடங்குகிறதென்று 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிற்று. ஆதலால் அகன்ற பரப்பையும் படம்பிடிக்குமாறு கேட்பதில் தவறில்லை.

இனி, அச்சத்துக்கும் ஓர் அளவு வேண்டும். அமெரிக்கக் கண்வைத்தியர் கழகம் 2016இல் வகுத்த நெறிப்படி, நாளொன்றுக்கு உடல் நிறையின் கிலோ ஒன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. அவ்வளவுக்குள் நின்றால், முதல் 5 ஆண்டில் கேடு வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. 10 ஆண்டுவரை இருவருக்கும் குறைவு. 20 ஆண்டு கடந்தாலோ ஏறத்தாழ இருபது பேருக்கு. முதலாண்டில் ஒருமுறை பார்த்துவிட்டு, 5 ஆண்டின் பின் ஆண்டுதோறும் பார்க்கச் சொல்வது இதனாலேயே. சிறுநீரகக் குறையுள்ளோர் அவ்வளவு காலம் காத்திருத்தலாகாது.

இதனை வாசித்துவிட்டு மகளின் குளிசையைத் தாயார் ஒளித்துவைக்க வேண்டாம். திடீரென நிறுத்தினால் அடங்கியிருந்த நோய் மீண்டும் சீறக்கூடும். கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியர் பொறுப்பு. மகள் மெலிந்திருந்தால் இன்றைய நிறையை அவருக்குத் தெரிவியுங்கள். முதலாண்டிலே எடுத்த படம் வீட்டிலிருந்தால் அதையும் கொண்டு செல்லட்டும். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டியிருக்கும்.