கடலுக்குக் காகித வேலியா?

கடலில் ஒரு பகுதிக்குக் கோடு கிழித்து, இங்கே மீன் பிடிக்கக் கூடாது, பாறை உடைக்கக் கூடாது என்று கெஜட்டில் போட்டுவிட்டால் அங்குள்ள ஜீவராசிகளெல்லாம் பிழைத்துக்கொள்ளும் என்பதாக ஒரு நம்பிக்கை உலகமெங்கும் பரவி வருகின்றது. 2030-க்குள் கடலில் 100-க்கு 30 பங்கை இப்படிக் காப்பதென்று 2022-ம் வருஷம் மாண்ட்ரீல் நகரில் பல தேசத்தாரும் கூடித் தீர்மானித்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் மந்திரம் சொன்னால் மழை பெய்யும் என்பவரிடம் நாம் கேட்கும் கேள்வியை இங்கும் கேட்க வேண்டாமா? முன்பு எவ்வளவு இருந்தது? இப்போது எவ்வளவு? எண்ணிப் பார்த்தீர்களா?

எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 40 தேசங்களில் 87 காப்புக் கடல்களை ஆராய்ந்து 2014-ல் கணக்கு வெளியிட்டார்கள். அவற்றில் 100-க்கு 59-க்கும், மீன் பிடிக்கும் சாதாரணக் கடலுக்கும் வித்தியாசமே காணவில்லை! அடியோடு தடை, சரியான காவல், பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வயது, பெரிய பரப்பு, தனித்திருக்கும் இடம் ஆகிய ஐந்தில் நாலோ ஐந்தோ சேர்ந்த இடத்தில்தான் பலன் நன்றாகத் தெரிந்தது.

மெக்ஸிகோவில் காபோ புல்மோ என்றொரு சிறு கிராமம். 1995-ல் அங்கே கடற்பூங்கா ஏற்பட்டது. மீனவர்களே வலையைச் சுருட்டி வைத்துக் காவல் நின்றார்கள். 1999-க்கும் 2009-க்கும் இடையில் மீன்களின் மொத்த எடை ஐந்து மடங்குக்கு மேலாகிவிட்டது. கடலைப் பார்க்க வருகிறவர்களால் ஊராருக்குப் பிழைப்பும் கிடைத்தது.

நிற்க, நம்முடைய மன்னார் வளைகுடாவின் யோக்கியதை என்ன? தூத்துக்குடி முதல் இராமேஸ்வரம் வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா என்றார்கள். அதன் பிறகும் பல வருஷம் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டினார்கள். வெட்டின வெட்டில் இரண்டு தீவுகள் நீரில் முழுகியே போயின. 2016-ல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்து மாண்டன. வெப்பம் என்ன, கெஜட்டைப் படித்துவிட்டா உள்ளே வருகின்றது?

ஆனால் சட்டம் யாரைக் கண்டதும் சீறுகின்றது? மரிக்கொழுந்துப் பாசி பறித்து வயிறு கழுவும் பெண்களை! இவர்கள் எத்தனை தலைமுறையாக அந்தத் தீவுகளுக்குப் போய் வருகிறவர்கள்! சின்னப்பாலம் முதலிய ஊர்களில் அவர்கள் தாங்களாகவே கூடி, மாதத்தில் 12 நாள்தான் பறிப்பது, இரும்புக் கருவி கொண்டு சுரண்டுவதில்லை என்று கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். கடலைக் காப்பது எப்படி என்று அவர்களுக்குப் போதிக்கப் போகின்றவர்கள், முதலில் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

ஆகவே நாம் கேட்பது அதிகமொன்றுமில்லை. வருஷந்தோறும் ஒவ்வொரு தீவிலும் பவளம் எவ்வளவு, மீன் எவ்வளவு என்று எண்ணி, அந்தக் கணக்கைக் கரையோரக் கிராமங்களில் எல்லோரும் படிக்கும்படி தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். காவல் கமிட்டியில் பாசி பறிக்கும் பெண்களுக்கும் வலைஞருக்கும் சரிபாதி இடம் கொடுக்க வேண்டும். இதற்கு என்ன தடை என்று அதிகாரிகள் சொல்லட்டும்.