தறிக்குழியில் ஊறும் மழை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் மழைச் சேதத்தைத் தெருவில் நின்று அளக்க முடியாது. வீட்டுக்குள் போய்த் தறிக்குழியைப் பார்க்க வேண்டும். நெசவாளர் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கும் குழி அது. தெருத் தண்ணீர் வடிந்த பிறகும் அதில் ஊற்று கசிந்துகொண்டிருக்கும். ஈரக்காற்றில் பட்டிழை தளரும், சரிகை கறுக்கும். தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க வெயிலும் இராது. தறி ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது.

2015 டிசம்பரில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது. புவி வெப்பமடைய இத்தகைய கனமழை இன்னும் கடுமையாகும் என்பதே அறிவியலாளர்களின் எச்சரிக்கை. தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கி, மாவட்டந்தோறும் ஆட்சியரிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது அரசு. நல்ல ஏற்பாடு. ஆனால் மாவட்ட வரைபடத்தில் தறிக்குழி தெரியாது. இடிந்த சுவரும் மூழ்கிய பயிரும் கணக்கில் ஏறுகிற வேகத்தில், வீணான பாவு ஏறுவதில்லை.

காஞ்சிபுரத்தின் வேகவதி ஆற்றோரக் குடும்பங்களுக்குக் கீழ்கதிர்ப்பூரில் அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. வெள்ளத்திலிருந்து உயிரைக் காக்க அது வழிதான். ஆனால் மூன்றாம் மாடியில் குழித்தறி போட முடியுமா? குடிபெயர்வோரில் ஒரே ஒரு நெசவாளர் இருந்தாலும், திட்டம் வரையும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

கேட்டுச் செய்யும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பக்கத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், 30 குடும்புகளிலிருந்து (அன்றைய வார்டுகள்) குடவோலையில் ஆள் தேர்ந்து ஏரி வாரியம் அமைத்ததைச் சொல்கின்றன. நிலமில்லாதவருக்கு அதில் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்று அப்படி ஒரு சபை கூடினால் அதில் கூலித்தறிக்காரரும், வீட்டில் நூல் சுற்றும் பெண்களும்தான் முதலில் பேச வேண்டும்.

அதற்கான இடம் இருக்கிறது: நகர்ப்புற வார்டுகளில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. ஆனால் மழையைப் பற்றிப் பேச நவம்பர் வரை காத்திருந்தால், வடகிழக்குப் பருவமழை தலைக்கு மேல் நிற்கும். காஞ்சிபுரம் மாநகராட்சி ஆகஸ்டிலேயே இவற்றைக் கூட்டட்டும். எந்தத் தெருவில் எத்தனை குழித்தறி, எந்தக் கால்வாய் அடைத்தால் எந்த வீட்டில் ஊற்று எடுக்கிறது என்ற கணக்கை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் கொண்டுவரட்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவருக்கு நிவாரணம் கொடுக்கும் அரசு, தறி நின்ற மழை நாட்களுக்கும் ஒரு தொகையை அந்தக் கணக்கை வைத்தே வகுக்கலாம்.