யாருக்காக இந்தக் கண்ணீர்?

பாழடைந்த மாளிகைகளையும் கைவிடப்பட்ட உல்லாச விடுதிகளையும் கண்டு பெருமூச்செறிவது எழுத்துலகில் ஒரு வழக்கமாகிவிட்டது. உடைந்த சாளரம், கூரையைப் பிளந்த ஆலங்கன்று, தூசு படிந்த விருந்துக்கூடம் ஆகியவை கிடைத்துவிட்டால் போதும். கட்டுரை ஒன்று பிறந்துவிடுகிறது. அக்கட்டுரைகளை நாமும் படிக்கிறோம். நடையழகை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணீர் யாருக்காக என்று கேட்காமல் இருக்க நம்மால் இயலவில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்திலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. ஆரணியை அடுத்த பூசிமலைக்குப்பத்தில், ஆரணி ஜாகீர்தார்கள் எழுப்பிய கண்ணாடி மாளிகை நிற்கிறது. ஐரோப்பியப் பாணியில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்த அம்மாளிகை பின்னாளில் செடி கொடிகளின் இருப்பிடமாயிற்று. ஆங்கிலேய மங்கை ஒருத்தியின் மீது கொண்ட காதலால் கட்டப்பட்டது என்றொரு கதையை ஊரார் சொல்வர். அக்கதையை விரித்தெழுதாத சுற்றுலாக் கட்டுரையாளர் அரியர். (ஜாகீர்தாரின் காதலை நாம் ஐயுறவில்லை, அதற்காகக் குடியானவனிடம் வரி தண்டும் உரிமையைத்தான் ஐயுறுகிறோம்.) சுண்ணாம்பு குழைத்த கைகள் எவை, எந்தக் களத்து நெல் அங்கே கண்ணாடியாக மாறிற்று என்று வினவியவர் எத்தனை பேர்? 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன் முறைக்கு முடிவு கட்டியபோது, இத்தகைய மாளிகைகளைப் பேணிய வருவாயும் வற்றிப்போயிற்று. உழுதவனுக்கு நிலத்தில் உரிமை பிறந்த அதே வேளையில் மாளிகைகள் பாழாகத் தொடங்கின. இதற்கு அழவேண்டும் என்கிறார்களா?

சென்னை அண்ணா சாலைக்குச் செல்வோம். கார்சிகா தீவைச் சேர்ந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு நடத்திய விடுதி, சென்னையில் முதன்முதல் மின்தூக்கி கண்ட விடுதி என்று பெயர் பெற்றது. அம்மனிதர் சாமானியரல்லர். 1910இல் தாமே உருவாக்கிய விமானத்தைச் சென்னை மக்கள் முன் பறக்கவிட்டுக் காட்டியவர். அவர் திறமையை யாரும் மெச்சலாம். பின்னர் அவ்விடுதி பொசோட்டோ என்று பெயர் மாறியது. விடுதித் தொழிலும் நின்றது. கட்டடம் கடைகளாகப் பிரிந்தது. விளம்பரப் பலகைகள் முகப்பை மறைத்தன. அதன் பழம்பெருமையைப் பாடுவோர், ஆளுநர் மாளிகை வட்டாரம் அங்கு விருந்துண்டதைச் சொல்கிறார்கள். அந்நாளில் அவ்வாயிலைக் கடக்கும் துணிவு மவுண்ட் ரோட்டில் வண்டியிழுத்தவனுக்கு இருந்ததா என்பதைச் சொல்வதில்லை.

பாழிடங்களைப் பார்க்காதே என்று நாம் கூறவில்லை. பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைக் காணுமாறு திருமறை மீண்டும் மீண்டும் அறிவுறுத்துகிறது. ஆது கூட்டத்தாரின் தூண்களும் ஸமூது கூட்டத்தார் மலையைக் குடைந்து அமைத்த வீடுகளும் அதில் வருகின்றன. அவை படிப்பினைக்காகச் சொல்லப்பட்டவை. அந்தத் தூண்களின் வனப்புக்காக இரங்கச் சொல்லப்பட்டவையல்ல. அதே மறை, ஜகாத்துக்கு உரிய எட்டு வகையினரில் ஒருவராக வழிப்போக்கரை வைக்கிறது. கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் சமர்கந்து ஆளுநருக்கு இட்ட கட்டளை வரலாற்றில் பதிவாகியுள்ளது: வழியெங்கும் சத்திரங்கள் அமைக்க வேண்டும், வருவோரை ஒரு பகலும் ஓர் இரவும் உபசரிக்க வேண்டும், அவர்தம் கால்நடைகளையும் பேண வேண்டும், நோயுற்றவராயின் இரு நாட்கள் வைத்துப் பார்க்க வேண்டும்.

தென்னாட்டுக்கும் இது புதிதன்று. பதினான்காம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் பயணம் செய்த இப்னு பதூதா, வழிநெடுக அரை மைலுக்கு ஒரு தங்கலும் கிணறும் இருந்ததையும், முஸ்லிம், முஸ்லிமல்லாதார் என்ற பேதமின்றி எல்லாருக்கும் அங்கே நீர் வழங்கப்பட்டதையும் எழுதியிருக்கிறார். இந்துக்களுக்குப் பாத்திரத்திலும் முஸ்லிம்களுக்குக் கையிலும் நீர் வார்த்தார்களாம். தீட்டின் நிழல் அங்கும் இருந்தது, மறைப்பதற்கில்லை. ஆயினும் நீர் மறுக்கப்படவில்லை. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் சத்திரங்களைக் காக்க வேண்டி 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய மடலில், எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் சோறிடப்படுவதையும், நோயாளிக்கு மருத்துவமும் பேறுகாலப் பெண்ணுக்கு உதவியும் பெற்றோரை இழந்த குழந்தைக்கு ஆதரவும் அங்கே கிடைப்பதையும் எடுத்துரைத்தார். சென்னை சென்ட்ரல் நிலையத்தருகே சவலை இராமசாமி முதலியார் சத்திரமும் சித்தீக் சராயும் ஒரே வட்டாரத்தில் எழுந்ததும் இந்த மரபில்தான்.

இனி அண்ணாமலைக்கு வருவோம். பௌர்ணமி தோறும் பதினான்கு கிலோமீட்டர் மலையை வலம்வர மக்கள் வெள்ளம் திரள்கிறது. கார்த்திகைத் தீபத்தன்று இலட்சக்கணக்கில். நடந்து களைத்தோர் கடைவாசலிலும் நடைபாதையிலும் பேருந்து நிலையத் தரையிலும் படுத்துறங்குகின்றனர். பேரப்பிள்ளையை மடியில் கிடத்தி உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்கும் மூதாட்டியரை எவரும் அங்கே காணலாம். அதே இரவில் விடுதி அறைகளின் கட்டணம் பன்மடங்கு ஏறுகிறது. முன்னோர் யாத்திரிகருக்கென எழுதிவைத்த சத்திரங்கள் தமிழகமெங்கும் திருமண மண்டபங்களாகவும் வணிக வளாகங்களாகவும் உருமாறியிருக்கின்றன. அந்த வழிபாடு நம்முடையதன்று. ஆனால் தங்க இடமின்றித் தவிக்கும் வழிப்போக்கன் எந்த மதத்தவனாயினும் அவன்பால் நமக்குக் கடமை உண்டு.

பிறரை மட்டும் குறைகூறுவது அறமாகாது. நம் முசாபிர்கானாக்களின் நிலை என்ன? வழிப்பயணிக்கென வக்ஃபு செய்த இடத்தில் கடைகளை எழுப்பி, வாடகையைக் கணக்கில் காட்டினால் கடமை முடிந்தது என்று கருதும் முத்தவல்லிகள் நம்மிடையே இல்லையா? வக்ஃபு செய்தவரின் நிபந்தனைக்கு ஃபிக்ஹு நூல்கள் எத்துணை மதிப்பளிக்கின்றன என்பதை அவர்கள் அறியாதவர்களல்லர். ‘வருமானம் பெருகுகிறதே’ என்கிறார்கள். பெருகட்டும், அதில் ஒரு பாயும் ஒரு குவளை நீரும் வழிப்போக்கனுக்குப் போய்ச் சேர்ந்ததா?

பழைய விடுதிகளையும் மாளிகைகளையும் புதுப்பித்து உல்லாச விடுதிகளாக்கினால் சுற்றுலா வளரும், வேலைவாய்ப்பு பெருகும் என்று வாதிடுவோர் உளர். தனியார் தம் பணத்தில் செய்யட்டும், நாம் தடுக்கவில்லை. கொத்தர்களின் கைத்திறனைக் காப்பதும் நல்லதே. ஆனால் பொதுப்பணத்தில் ஒரு செங்கல் வைப்பதாயின், பௌர்ணமி இரவில் தெருவில் படுப்பவனுக்கே அது முதலில் உரியது. இந்து சமய அறநிலையத் துறையும் வக்ஃபு வாரியமும் தத்தம் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு சத்திரத்தின், ஒவ்வொரு முசாபிர்கானாவின் பெயரையும், மூல சாசனம் கூறும் நோக்கத்தையும், இன்று அது எதற்குப் பயன்படுகிறது என்பதையும் ஊர்வாரியாக அச்சிட்டு வெளியிட வேண்டும். திருவண்ணாமலையிலிருந்தே தொடங்கலாம், அடுத்த தீபத்துக்கு முன்பாகவே.