கீழாநெல்லியும் ஹெபடைடிஸ் பி நோயும்

ஹெபடைடிஸ் பி இருப்பதாக அறிந்து மருத்துவமனைக்கு வரும் குடும்பங்களுள் கீழாநெல்லியைக் கேள்விப்படாத குடும்பம் அரிது. அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடித்தால் போதும் என்று வீட்டுப் பெரியவர் ஒருவரோ அண்டை வீட்டாரோ சொல்லியிருப்பர். இதனை உட்கொள்ளலாமா என்று சிலர் எங்களிடம் கேட்கின்றனர். கேட்காமலேயே மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறிவிடுவோரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவர்களை மனத்தில் கொண்டே இதனை எழுதுகிறேன்.

கீழாநெல்லியின் மீதுள்ள நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது தவறு. அதனை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு சென்றவர்கள் சென்னையைச் சேர்ந்த அறிவியலாளர்களே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதத்தைச் செயலிழக்கச் செய்வதாக 1982-இல் சோதனைக்குழாய் ஆய்வொன்றை வெளியிட்டனர். அந்தப் புரதத்தை இரத்தத்தில் முதலில் கண்டறிந்து, அதற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க் பின்னர் இம்முயற்சியில் இணைந்தார். 1988-இல் 'லான்செட்' இதழில் வந்த கட்டுரை உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. முப்பது நாட்கள் கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்திலிருந்து அப்புரதம் மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது.

இந்த அளவுக்கு வெற்றியை இன்றைய மருந்துகள்கூடத் தருவதில்லை. ஆகவேதான் பிற நாட்டு மருத்துவர்கள் உடனே அதனைத் தங்கள் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தனர். தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அந்த முடிவு மீண்டும் கிடைக்கவில்லை. 2011-இல் காக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு, வெற்று மருந்தைவிட இம்மூலிகை மேலானது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று முடிவு கூறியது. முதல் ஆய்வின் செய்தி ஊரெங்கும் பரவியது. பின்வந்த ஆய்வுகளின் செய்தி பரவவில்லை. இன்றும் கடையில் விற்கும் சூரணப் புட்டிகளில் 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்ற சொற்களைக் காணும்போது, எந்த ஆய்வு என்று கேட்கத் தோன்றுகிறது.

சோதனைக்குழாயில் வென்ற மூலிகை உடலில் ஏன் தோற்கிறது? கீழாநெல்லியில் துவர்ப்புத் தரும் டானின் வகைப் பொருட்கள் மிகுதி. அவை எதிர்ப்படும் எந்தப் புரதத்தின் மீதும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. கண்ணாடிக் குழாயில் வைரஸின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் அது வெற்றியாகத் தெரியும். வாய்வழியே உண்ணும்போது அவை உணவிலும் குடலிலும் உள்ள புரதங்களோடு முதலில் ஒட்டிக்கொள்கின்றன. கல்லீரலை எட்டுவது சிறு பங்கே. மேலும் இந்த வைரஸ் தன் மரபுப் பொருளை வளைய வடிவில் கல்லீரல் உயிரணுவின் உட்கருவுக்குள்ளேயே பதுக்கி வைக்கிறது. இரத்தத்தில் மிதக்கும் புரதத்தைப் பிடிப்பதால் மட்டும் அந்தப் பதுக்கலைத் தொட இயலாது. செடியைப் பற்றிய ஐயமும் உண்டு. கீழாநெல்லியின் நெருங்கிய உறவுச் செடிகள் பல, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தென்னிந்தியச் சந்தைகளில் விற்கப்படும் சரக்கில் வேற்றினங்கள் கலந்திருப்பதை மரபணுச் சோதனைகள் காட்டியுள்ளன.

அப்படியானால் பாட்டி சொன்னது பொய்யா? இல்லை. அவர் கண்ட மஞ்சள்காமாலை பெரும்பாலும் அசுத்த நீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ. பெரும்பாலோருக்கு அது சில வாரங்களில் தானே தணியும். வளர்ந்த வயதில் ஹெபடைடிஸ் பி தொற்றியவர்களிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேர் தாமாகவே குணமடைகின்றனர். எந்த மூலிகையைக் கொடுத்திருந்தாலும் அவர்கள் தேறியிருப்பர். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய குழந்தையின் நிலை நேர்மாறானது: பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாட்பட்ட நோயாக நிலைத்து, பிற்காலத்தில் கல்லீரல் சுருக்கத்திற்கும் புற்றுநோய்க்கும் வழி வகுக்கலாம். எங்களிடம் நெடுங்காலம் சிகிச்சை பெறுவோர் இந்த இரண்டாம் வகையினரே. பாட்டியின் அனுபவம் இவர்களுக்குப் பொருந்தாது.

இதனால் மூலிகைகளில் வைரஸ் எதிர்ப்புப் பொருட்களைத் தேடுவதே வீண் என்று நான் கருதவில்லை. பிரியாணியில் இடும் அன்னாசிப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பிரிக்கப்படும் ஷிகிமிக் அமிலமே இன்ஃப்ளூயன்சாவுக்குத் தரப்படும் ஒசெல்டமிவிர் மருந்தின் மூலப்பொருளாக இருந்தது. ஆனால் அந்த அமிலம் பல வேதி மாற்றங்களைக் கடந்த பிறகே மருந்தாகிறது. பிரியாணி உண்டு காய்ச்சலைத் தடுத்தவர் எவரும் இலர்! செடி ஒரு தொடக்கத்தைத் தரும். மருந்தாவதற்கு நெடும்பணி வேண்டும். சித்த மருத்துவம் தந்த குறிப்புகளைப் பின்பற்றி, இனம் உறுதி செய்யப்பட்ட செடியைக் கொண்டு, அளவு நிர்ணயித்து, போதிய எண்ணிக்கையிலான நோயாளிகளிடம் முறையான ஆய்வு நடத்த அரசு பணம் செலவிட வேண்டும். அதன் முடிவு தோல்வியாயினும் அதனை வெளிப்படையாக மக்களுக்குச் சொல்ல வேண்டும். குடிநீர் பாக்கெட்டுகளை வழங்குவதைவிட இது கடினமான வேலை. பாராட்டும் குறைவாகவே கிடைக்கும்.

இதற்கிடையில் நோயாளி என்ன செய்வது? டினோஃபோவிர், என்டெகாவிர் ஆகிய மாத்திரைகள் வைரஸ் பெருகுவதைத் தடுக்கின்றன. அவை நோயை வேரோடு களைவதில்லை என்பது உண்மை; ஆண்டுக்கணக்கில் உண்ண வேண்டியிருப்பதால் சலிப்பு ஏற்படுவதும் இயல்பே. ஆனால் அவற்றைத் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த வைரஸ் சில வாரங்களிலோ மாதங்களிலோ சீறி எழுந்து கல்லீரலைச் செயலிழக்கச் செய்யக்கூடும். உடல் நன்றாக இருப்பதாகத் தோன்றும் நாட்களிலேயே இந்த ஆபத்து தொடங்கிவிடுகிறது. மூலிகை என்பதாலேயே தீங்கற்றது என்றும் எண்ண வேண்டாம். சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை 2021-இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தனர். ஆயுஷ் அமைச்சகம் அதனை ஏற்கவில்லை. எனினும் ஏற்கெனவே பழுதான கல்லீரல் உடையவர்கள் அந்த வாதம் முடியும்வரை காத்திருப்பதே நலம்.

என் துறையினரிடமும் ஒரு சொல். மூலிகை என்ற பெயரைக் கேட்டதும் நோயாளியைக் கடிந்துகொள்ளும் மருத்துவர், அடுத்த முறை அவர் உண்மையை மறைப்பதற்கு வழி செய்கிறார். மறைக்கப்பட்ட பொடியின் விளைவையும் நோயின் போக்கையும் பிரித்தறிய எங்களால் இயலாது.

ஆகவே, நீங்கள் உட்கொள்வது சூரணமோ லேகியமோ பச்சிலையோ எதுவாயினும், அடுத்த முறை வரும்போது அந்தப் புட்டியையோ இலையையோ கையோடு எடுத்து வாருங்கள். எப்போது தொடங்கினீர்கள், மாத்திரையை விட்டிருந்தால் எந்நாளில் விட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்கள் இதுவரை ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்துகொள்ளவில்லையெனில் அவர்களையும் அழைத்து வாருங்கள். தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி உண்டு. கருவுற்ற பெண் இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போடப்பட வேண்டும்.